ஜி.பி. வீட்டுச் சாப்பாடு

யாரைப் பார்த்தாலும் அவர் முதலில் கேட்பது, "சாப்ட்டீங்களா?" என்பதுதான். எல்லோரும் கேட்பதுதானே என்று தோன்றும். மற்றவர்கள் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். இவர் நிற்பார். "ஆச்சுங்க" என்றால் முகத்தை உற்றுப் பார்ப்பார். பொய் என்று பட்டால் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய் இலையைப் போட்டுவிடுவார். தபால்காரர், கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவர், வழி தவறி எங்கள் தெருவுக்குள் வந்துவிட்ட வெளியூர்ப் பக்தர் என்று அந்த வீட்டில் சாப்பிடாதவர்கள் குறைவு.

அவர் அரசாங்க வக்கீல். அரசாங்கத்தின் மேல் யாராவது வழக்குப் போட்டால் அரசாங்கத்தின் பக்கம் நின்று வாதாடுகிறவர். கவர்மென்ட் பிளீடர், சுருக்கமாக ஜி.பி. ஊரில் ஜி.பி. என்றால் அவர்தான். பெயரைச் சொல்லி யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் குடியாத்தத்திலிருந்து மாற்றலாகித் திருவண்ணாமலை கோர்ட்டுக்கு டைப்பிஸ்ட்டாக வந்தேன். கணவருக்கு வேலை போளூரில். சனி, ஞாயிறுதான் வருவார். சின்னப் பெண் குழந்தையோடு தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு தர ஊர் யோசித்தது. இவர் யோசிக்கவில்லை. பெரிய கோபுரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த தன் வீட்டின் பின்கட்டைத் திறந்துவிட்டார். வாடகை எவ்வளவு என்று கேட்டேன். "அதை விடும்மா, கொழந்தை சாப்ட்டாளா?" என்றார்.

அந்தக் குழந்தைக்கு டைபாய்டு வந்தபோது தன் ஸ்கூட்டரில் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனார். அன்றைக்கு அவருக்குக் கோர்ட்டில் வழக்கு இருந்தது. வாய்தா வாங்கச் சொல்லி ஆளனுப்பிவிட்டு, ஜுரம் இறங்கும்வரை வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார்.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. அவரை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடிந்திருந்தால் இதைச் சொல்லவே வேண்டியிருந்திருக்காது.

பஸ் ஸ்டாண்டு மதில் ஓரமாகக் கறுப்புக் குடையைக் கட்டிக்கொண்டு, முன்னால் ஒரு பெட்டி நிறையச் சாவிகளோடு காதர் பாய் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். பூட்டு ரிப்பேர், மாற்றுச் சாவி. தேரடித் தெருவில் ஒரு ஜவுளிக்காரர் வீட்டில் இரும்புப் பெட்டி திறந்து நகை போயிற்று. பூட்டு உடையவில்லை. உடையாமல் திறந்திருந்தால் திறக்கத் தெரிந்தவன்தான் திறந்திருக்க வேண்டும் என்று போலீஸ் முடிவு கட்டியது. பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு கான்ஸ்டபிள் வந்தார். "ஸ்டேஷன்ல பீரோ பூட்டு மாட்டிக்கிச்சு பாய், வந்து தொறந்து குடுத்துட்டுப் போயேன்" என்றார். காதர் பாய் பக்கத்துக் கொய்யாப்பழக்காரியிடம் பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இரண்டு கம்பியை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் பின்னால் போனார். போனதைப் பார்த்தவர்கள் அங்கே நிறையப் பேர்.

திரும்பி வந்ததைப் பார்த்தவர் யாருமில்லை.

அவர் மனைவி ஷம்ஷாத். பீடி சுற்றுகிறவள். விஷயம் தெரிந்து மத்தியானம் கேரியரில் சோறு கொண்டுபோனாள். அதே கான்ஸ்டபிள் வாசலில் வாங்கிக்கொண்டு உள்ளே போய், கொஞ்ச நேரம் கழித்துக் காலிக் கேரியரைத் திருப்பிக் கொடுத்தார். "விசாரணை நடக்குதும்மா, அனுப்பிடுவாங்க" என்றார். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் அவள் கேரியரை நீட்டியபோது, "யாருக்கு?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரருக்குங்க."

"அப்பிடி யாரும் இங்க வரலியே."

"நேத்து நீங்கதானே சோறு வாங்கிட்டுப் போனீங்க?"

"எந்தச் சோறு?"

அந்த ஸ்டேஷனின் சப் இன்ஸ்பெக்டரைப் பார்க்க அவளை விடவே இல்லை. வேலூருக்குப் போய்க் கலெக்டரிடம் மனு கொடுத்தாள், பெரிய போலீஸ் அதிகாரியிடம் மனு கொடுத்தாள். மனுக்கள் எல்லாம் சுற்றிக்கொண்டு அதே ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தன. கடைசியில் ஒரு வக்கீல் இரக்கப்பட்டு, தன் புருஷனுக்கு என்ன ஆனது என்பதற்கு அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டும், நஷ்டஈடும் தர வேண்டும் என்று அவளுக்காக எங்கள் கோர்ட்டில் வழக்குப் போட்டார்.

அரசாங்கத்தின் பதில் ஜி.பி.யிடமிருந்து வந்தது. இங்கிலீஷில் நல்ல நடையில் எழுதியிருந்தார். காதர் என்ற நபரைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்து வரவே இல்லை என்றது முதலில். அப்படி அழைத்து வந்திருந்தாலும் விசாரித்துவிட்டு அன்றைக்கே அனுப்பியாயிற்று என்றது அடுத்து. அனுப்பாமல் உள்ளே அவருக்கு ஏதாவது நேர்ந்திருந்தாலும், காவல் என்பது நாட்டை ஆளுகிற அரசனுக்கே உரிய வேலை, அந்த வேலையில் சிப்பந்திகள் செய்யும் தவறுக்கு அரசாங்கம் நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்று முடித்திருந்தார்.

கோர்ட்டில் வழக்குக் கட்டு என் கைக்கு வந்தபோது அதைப் படித்தேன். அன்று சாயங்காலம் கிணற்றடியில் செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"ஏன் சார், கூட்டிட்டே வரலைங்கறீங்க. அன்னிக்கே அனுப்பிட்டோம்ங்கறீங்க. ரெண்டுல எது நெசம்?"

"எதுவும் நெசம்னு நான் சொல்லலியேம்மா. எது பொய்யுனு அவங்க காட்டட்டும்." சிரித்தார். "எல்லா கேஸ்லயும் இப்படித்தான் எழுதறது. கோர்ட்ல இருக்கறே, உனக்குத் தெரியாதா?"

தெரியும். நிலத் தகராறில், வாடகை வழக்கில் பார்த்திருக்கிறேன். கடனே வாங்கவில்லை, வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்தாயிற்று என்று எழுதுவார்கள். ஒரு மனிதனை அப்படி எழுதி நான் பார்த்ததில்லை.

ஷம்ஷாத் முதல் தடவை கோர்ட்டுக்கு வந்தபோது வராந்தாத் தூணோரம் நின்றிருந்தாள். அவளுடைய வக்கீல் வேறு கோர்ட்டில் இருந்தார். ஜி.பி. அந்தப் பக்கமாக வந்தார். காலையிலிருந்து பட்டினியாக இருக்கும் முகம் அவருக்குத் தெரியாமல் போகாது.

"சாப்ட்டியாம்மா?"

அவள் தலையை ஆட்டினாள். அவர் நம்பவில்லை. பியூனை அனுப்பி இட்லிப் பொட்டலம் வாங்கி வரச் சொன்னார். பெஞ்சில் அவளை உட்கார வைத்து, சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, பிள்ளைகள் எத்தனை, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்தார். அவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர், தகப்பன் மாதிரிப் பேசுகிறவர். அவள் மனசு திறந்து பேசிவிட்டாள்.

விசாரணை நாளில் அவள் கூண்டில் ஏறினாள். நீதிபதி சொல்லச் சொல்ல நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அவளுடைய வக்கீல் கேட்டு முடித்ததும் குறுக்கு விசாரணைக்கு ஜி.பி. எழுந்தார். அவரைக் கண்டதும் அவள் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. தனக்காகப் பேசத்தான் எழுந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள்.

"இதுக்கு முன்னாடி உன் வீட்டுக்காரர் வீட்டுல சொல்லாம வெளியூர் போயிருக்காரா?"

அவள் நீதிபதியைப் பார்த்தாள், திரும்ப அவரைப் பார்த்தாள்.

"பயப்படாமச் சொல்லும்மா."

"உங்ககிட்டதானேய்யா சொன்னேன்," என்றாள் ஷம்ஷாத்.

நீதிபதி, "ஆமாவா இல்லையாங்கறதை மட்டும் சொல்லும்மா," என்றார்.

"போயிருக்காருங்க. ஒரு தரம் என்கிட்ட கோவிச்சிக்கிட்டு பெங்களூரு போயிட்டாரு. ஆனா திரும்பி வந்துட்டாருங்க."

"இந்தத் தரமும் அப்படிப் போயிருக்கலாம் இல்லையா?"

"பொட்டிய வுட்டுட்டு எப்பிடிங்க போவாரு? பொட்டியில்லாம போனா எதை வெச்சுப் பொழைப்பாரு?"

அவர் அதற்குள் போகவில்லை. "நீ குடுத்த சோத்தை உன் வீட்டுக்காரர் சாப்ட்டதைக் கண்ணால பாத்தியா?"

"இல்லீங்க."

"கேரியர் காலியா வந்துச்சு. அவ்ளோதானே உனக்குத் தெரியும்?"

"ஆமாங்க."

"யார் சாப்ட்டாங்கனு தெரியாது."

"தெரியாதுங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். காணாமல் போனவனின் சோற்றைப் போலீஸ்காரர்களே தின்றிருக்கலாம் என்று அரசாங்கத்தின் சார்பாகவே சொன்ன வக்கீலை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. கூண்டை விட்டு இறங்கியவள் அவரையே பார்த்துக்கொண்டு நடந்தாள். கோபம்கூட இல்லை, இன்னும் விளங்கவில்லை அவளுக்கு. மத்தியான இடைவேளையில் பியூன் போன தடவை போலவே இட்லிப் பொட்டலத்தோடு அவளிடம் போனான். ஆமாம், அன்றைக்கும் அவர் வாங்கி அனுப்பியிருந்தார். அவள் வாங்கவில்லை.

அவளிடம் பேச்சுப் பிடுங்குவதற்காக அவர் இட்லி வாங்கிக் கொடுத்தார் என்று சொன்னால் கேட்பவர்களுக்குச் சுலபமாக இருக்கும். அப்படி இல்லை. பசிக்கிறவளைப் பார்த்து அவர் மனசு உண்மையாகவே இளகியது. அவள் சொன்னது காதில் விழுந்தது. விழுந்ததை வீணாக்கவில்லை. இரண்டும் அவருக்குள் ஒன்றையொன்று உரசாமல் இருந்தன.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன், அவரைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை. "நம்பிச் சொன்னவளை இப்படிப் பண்ணலாமா சார்?" என்று கேட்டேன்.

"நான் கேக்கலியேம்மா, அவளா சொன்னா. தெரிஞ்சதுக்கப்புறம் தெரியாத மாதிரி இருந்தா கட்சிக்காரருக்குத் துரோகம் இல்லையா?"

"அந்த எஸ்.ஐ.கிட்ட நீங்க கேட்டீங்களா? காதர் பாய் என்னா ஆனார்னு?"

முதல் தடவையாக என்னை ஒரு விவரமில்லாத பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அதை எதுக்கும்மா நான் கேக்கணும்? கேட்டா சொல்லிடுவாரு. சொல்லிட்டா அதுக்கப்புறம் நான் எப்படி வாதாடறது?"

கிணற்றடியிலிருந்து துணியைக்கூட எடுக்காமல் உள்ளே போய்விட்டேன். அவர் மனைவி வழக்கம்போல் ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதைச் சாக்கடையில் கொட்டினேன். மறுநாள் கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்தேன். வீடு மாற வேண்டும் என்று எண்ணிக்கொண்டே வருஷங்கள் போயின.

வாதம் நடந்த அன்று எல்லாம் இங்கிலீஷில். நீதிபதி குறுக்கிட்டு, ஒருவேளை அந்த மனிதர் காவலிலேயே இறந்திருந்தால், போலீஸ்காரர்களே அடித்துக் கொன்றிருந்தால், அப்போதுமா அரசாங்கத்துக்குப் பொறுப்பில்லை என்று கேட்டார். "அப்போதும் இல்லை" என்றார் ஜி.பி. மிகப் பணிவாக. குரலை உயர்த்தவில்லை. பழைய தீர்ப்பு ஒன்றை எடுத்துப் படித்தார். படிக்கும்போது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

வெளியே வராந்தாவில் ஷம்ஷாத் என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னாக்கா சொன்னாரு அந்தாளு?"

"போலீஸ் கொன்னே இருந்தாலும் சர்க்காருக்குப் பொறுப்பில்லைனு சொல்றார்."

"அப்போ கொன்னாங்கனு ஒத்துக்கினாரா?"

"இல்ல."

"கொல்லலைனு சொல்றாரா?"

"அப்படியும் இல்ல."

"பின்ன இன்னாதான்க்கா சொல்றாரு?"

டைப் அடிக்கக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். சட்டம் தெரியாததால் அல்ல. தமிழில் அதைச் சொல்ல வாய் கூசியது.

தீர்ப்பு வந்தது. காதர் பாயை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனது உண்மை, திருப்பி அனுப்பினார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்று நீதிபதி எழுதியிருந்தார். அடுத்த பக்கத்தில், சப் இன்ஸ்பெக்டர் தன் கையால் எதுவும் செய்ததாக நிரூபணம் இல்லை என்றும், அரசாங்கத்தைப் பொறுப்பாக்கச் சட்டத்தில் இடமில்லை என்றும் எழுதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். ஜி.பி. எழுந்து, அந்த அம்மாளின் நிலைமையைக் கருதி அரசாங்கம் அவளிடம் வழக்குச் செலவைக் கேட்கவில்லை என்று சொன்னார். நீதிபதி பாராட்டினார். அன்று சாயங்காலம் ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வந்து, "பாவம், அவகிட்டப் போய் செலவைக் கேக்கறதா? வேண்டாம்னுட்டேன்," என்று என் மகளின் கையில் ஒன்றை வைத்தார். சொல்லும்போது அவர் கண் நனைந்திருந்தது. நடிப்பில்லை. அதுதான் சகிக்கவில்லை.

மேல்கோர்ட்டுக்குப் போக ஷம்ஷாத்துக்கு வழியில்லை. பீடி சுற்றினாள். புருஷன் இருக்கிறானா இல்லையா என்று யாரும் சொல்லாததால் அவள் எதுவாகவும் இல்லாமல் இருந்தாள். கணவன் இறந்தால் பெண்கள் தனித்திருக்கும் இத்தாவைப் பற்றிப் பள்ளிவாசலில் கேட்டாள். மௌத்து, அதாவது சாவு, என்று உறுதியாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது என்றார்கள். விதவைகளுக்குத் தரும் அரசாங்க உதவிப் பணம் கேட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போனாள். உன் புருஷன் ஸ்டேஷனிலிருந்து உயிரோடு போய்விட்டார் என்றுதானே அரசாங்கம் கோர்ட்டில் சொல்லியிருக்கிறது என்று கேட்டார்கள்.

ஏழு வருஷம் கழிந்தபிறகு தாசில்தார் ஜி.பி.யிடம் சட்ட அபிப்பிராயம் கேட்டு எழுதினார். ஜி.பி. ஒரே நாளில் பதில் எழுதினார். ஏழு வருஷமாக ஒருவரைப் பற்றித் தகவல் இல்லையென்றால் அவர் இறந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும், ஆகவே ஷம்ஷாத் விதவைதான், உதவி தரலாம். உயிரோடு அனுப்பினோம் என்று எழுதிய அதே கை, அதே பேனா. ஷம்ஷாத்துக்குச் சொல்லி அனுப்பி, அவள் வந்ததும் வாசலிலேயே நல்ல செய்தியைச் சொன்னார். நானும் இருந்தேன்.

அவள் கும்பிடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, பிள்ளைகள் இருந்தார்கள்.

"செத்துட்டாருனு எழுதிட்டீங்களாய்யா?"

"ஆமாம்மா. சட்டப்படி அவ்ளோதான்."

"எங்க செத்தாருனும் எழுதிக் குடுங்க."

"அது என் கையில இல்லம்மா. ரெகார்டுல இல்லாததை நான் எப்படி எழுதறது?"

"அந்த போலீஸ்காரரு உங்க வூட்டுக்கு வந்து சோறு துன்னுட்டுதானே போறாரு. ஒரு தரம் கேளுங்க. மண்ணு எங்க இருக்குனு தெரிஞ்சா போதும். கேஸு, கீஸு ஒண்ணும் போட மாட்டேன்."

அவர் தோட்டத்துப் பக்கம் பார்த்தார். "பாக்கலாம்மா," என்றார். பிறகு அவளை உள்ளே வந்து மோர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அவள் படியிறங்கிப் போனாள்.

அவள் சொன்னது உண்மைதான். அந்தச் சப் இன்ஸ்பெக்டர் அதற்குள் இன்ஸ்பெக்டராகி வேறு ஊருக்குப் போயிருந்தார். ஒவ்வொரு கார்த்திகைத் தீபத்துக்கும் பந்தோபஸ்துக்கு இங்கே வருவார். வந்தால் மத்தியானச் சாப்பாடு ஜி.பி. வீட்டில். தீபத்தன்று ஜி.பி. விரதம், மலையில் ஜோதியைப் பார்க்கும்வரை பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படாது. ஆனால் வந்தவர்களுக்கெல்லாம் தன் கையால் பரிமாறுவார். அந்த வருஷமும் கூடத்தில் இலை போட்டிருந்தது. நான்கைந்து போலீஸ்காரர்கள், நடுவில் இன்ஸ்பெக்டர். தெருவில் ஜனம் நெரிந்துகொண்டிருந்தது. நானும் அவர் மனைவியும் பாத்திரங்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஜி.பி. இன்ஸ்பெக்டரின் இலைக்கு முன்னால் குனிந்து, சாதத்தில் குழி பறித்து நெய் ஊற்றினார். ஊற்றிவிட்டு, போதுமா என்று கேட்டார். பிள்ளைகள் படிப்பைப் பற்றிக் கேட்டார். சர்க்கரை வியாதியைப் பற்றிக் கேட்டார். நான் காத்திருந்தேன். அவர் ரசத்துக்குப் போய்விட்டார்.

நான் கேட்டுவிட்டேன். பொரியல் கிண்ணம் கையில் இருந்தது.

"சார், ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனீங்களே, திரும்பி வரவேயில்லையே, அந்த ஆளு என்னா ஆனார் சார்?"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை, மழுப்பவும் இல்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"எந்த ஆளும்மா?" என்றார்.

மற்ற போலீஸ்காரர்கள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜி.பி.தான் உதவிக்கு வந்தார். "அதான் சார், பூட்டுக்காரர். நாம ஜெயிச்சமே, அந்தக் கேஸ்."

"ஓ, அதுவா," என்றார் இன்ஸ்பெக்டர். சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். "அது பழசும்மா. கொஞ்சம் பொரியல் வை."

கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுப் பின்கட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ஜி.பி. என்னைத் தேடி வந்தார். அத்தனை வருஷத்தில் அவர் என்மேல் குறைப்பட்டது அந்த ஒரு தடவைதான். குரலில் வருத்தம்தான் இருந்தது.

"வீட்டுக்கு வந்து இலை முன்னாடி ஒக்காந்திருக்கறவரை அப்படிக் கேக்கலாமாம்மா? அவர் சரியாவே சாப்பிடலை."

அந்த மாதக் கடைசியில் வேங்கிக்கால் பக்கம் ஒரு ஓட்டு வீட்டுக்குக் குடிபோனேன். அங்கே தண்ணீர் உப்பு. சாமான் ஏற்ற வண்டி பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். வேண்டாம் என்று சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

போவதற்கு முன் ஷம்ஷாத் வீட்டைத் தேடிப் போனேன். முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். ஜி.பி. கேட்கவில்லை, நான் கேட்டேன் என்றும், இன்ஸ்பெக்டர் என்ன சொன்னார் என்றும் சொன்னேன். சுற்றுவதை நிறுத்தினாள்.

"எந்த ஆளுனா கேட்டான்?"

"ஆமா."

"தெரியாத மாதிரி நடிச்சானா?"

"இல்ல ஷம்ஷாத். நெசமாவே யோசிச்சான்."

அவள் கையிலிருந்த இலையை முறத்தில் போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அப்போ இந்த மாதிரிப் போனவங்க எத்தினி பேரு அக்கா?"